அரிசி அளவு விலகல்

சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் இருக்கும் பழைய சத்திரத்தின் மர வேலை எனக்குக் கிடைத்த அன்று, என் ஊர் முதுநகருக்குத் திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரிடம்கூட அதைச் சொல்லிவிட்டேன். இருபது வருடமாக பிளைவுட் அலமாரி செய்து சலித்தவனுக்கு வேறென்ன வேண்டும்! தேக்குத் தூண், தேக்கு உத்திரம், மூட்டில் பொட்டு இரும்பு கிடையாது. உத்திரத்தின் முனையை நாக்கு போலச் செதுக்கித் தூணின் துளைக்குள் செருகி, இரண்டுக்கும் குறுக்கே மர ஆணி அடித்திருந்தார்கள்.

மக்கிப்போன உத்திரங்கள் பன்னிரண்டு. அதே முறையில் புதிதாகச் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பொறுப்பிலிருந்த இன்ஜினியர் சிறு வயதுப் பெண். கறாராகச் சொன்னார்.

"மொத மூட்டு இடைவெளி இல்லாம உக்காந்துதுன்னா மீதியையும் இப்படியே செய்ங்கண்ணே. இல்லன்னா எல்லாத்துக்கும் இரும்பு பிளேட்டு, போல்ட்டுதான்."

பழைய மூட்டுகளைக் கழற்றியபோது ஒன்றைக் கவனித்தேன். மர ஆணிக்காக நாக்கிலிருந்த ஓட்டையும் தூணிலிருந்த ஓட்டையும் நேருக்கு நேர் இல்லை. அரிசி அளவு விலகல். "அளவு தெரியாத ஆளு போல மாப்ள" என்று, கூட வேலை செய்யும் என் தங்கை கணவரிடம் நக்கலடித்தேன். அரை மில்லி பிசகினாலே எனக்குக் கோபம் வரும். புது நாக்குகளில் மெஷின் வைத்துத் துல்லியமாக, நேராக ஓட்டை போட்டேன்.

முதல் உத்திரத்தை ஏற்றிப் புது ஆணியை அடித்தோம். அது சுகமாக உள்ளே போனது. ஆனால் தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு சந்து. சாப்பாட்டுக்குப் போயிருந்த இன்ஜினியர் திரும்ப இரண்டு மணி நேரம்தான் இருந்தது. இரும்பு பிளேட் அடிக்கவா இவ்வளவு பீற்றிக்கொண்டேன்?

ஒதுக்கி வைத்திருந்த பழைய ஆணிகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாமே வளைந்திருந்தன. வயசாகி வளைந்தவை என்றால் ஆளுக்கொரு விதமாக அல்லவா இருக்க வேண்டும்? எல்லாம் ஒரே இடத்தில், ஒரே அளவில்!

"மாப்ள, ஓடியா! வேணும்னுதான் ஓட்டைய தள்ளிப் போட்டிருக்காங்க!"

நாக்கின் ஓட்டை உத்திரத்தின் பக்கமாகச் சற்றுத் தள்ளி இருந்தால், உள்ளே நுழையும் ஆணி வளைந்துகொண்டே நாக்கைத் தூணுக்குள் இழுக்கும். உத்திரத்தைக் கீழே இறக்கி, நாக்கின் ஓட்டையை மரக்கட்டையால் அடைத்து, அரிசி அளவு தள்ளி மறுபடி போட்டேன். கொட்டாப்புளியால் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் சந்து குறுகியது. கடைசி அடியில் மரம் ஒருமுறை முனகிவிட்டு வாயை மூடிக்கொண்டது. சத்திரமே அதிரும்படி கத்திவிட்டேன்.

இன்ஜினியர் வந்து ஒரு தாளைச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. வேறு பக்கம் முயன்றார். அங்கும் நுழையவில்லை.

"போல்ட் வேணாம்ணே. மீதியையும் இப்படியே செஞ்சிடுங்க."

நான் குதிக்காத குறை. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த உத்திரங்களைக் காட்டினார்.

"மச்சான், மீதி பதினொண்ணுலயும் நேரா ஓட்ட போட்டு வச்சிட்டியே."

என் துல்லியம் பதினோரு இடத்தில் என்னைப் பார்த்து இளித்தது. அத்தனையையும் அடைத்துத் தள்ளிப் போட நாலு நாள் ஆனது. செய்த வேலையை அழிப்பதில் இத்தனை சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.