தெருவுக்கே ஒரு நம்பர்

கனிமொழியின் போன் நம்பர் அவளுக்கு மட்டும் சொந்தமானதில்லை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் அவள் ஊரில், அவர்கள் தெரு மொத்தமும் அதைத் தன் நம்பராகவே எழுதிக் கொடுத்திருந்தது. ரேஷன் கார்டோ, கேஸ் சிலிண்டரோ, நெல் கொள்முதலுக்கான ஆன்லைன் பதிவோ, எங்கே நம்பர் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கண்ணுசாமி மவ நம்பரப் போடுங்க." ஓடிபி வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் வாசலில் வந்து நிற்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் சென்னையில் முனைவர் பட்டம் வாங்கியதே இணையத்தில் மனிதர்களின் அந்தரங்கத்தைக் காப்பது எப்படி என்பதில்தான். பட்டம் வாங்கி ஊருக்குத் திரும்பி, மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தாள். மனசு அங்கே இல்லை. தன் வேலையைப் பற்றி முதலிலிருந்து விளக்கத் தேவையில்லாத நாலு பேர், சாத்திக்கொள்ள ஒரு கதவு, தன் பெயர் ஒட்டிய ஒரு மேசை. அவள் ஏங்கியதெல்லாம் இவ்வளவுதான். வெளிநாட்டில் போஸ்ட் டாக் என்கிற, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை எங்கே காலி என்று தேடித் தேடி விண்ணப்பித்தாள்.

"டாக்டருக்கு மேல இன்னொரு டாக்டரா? அதையும் படிச்சு முடிச்சா என்னம்மா ஆவே?" என்று அம்மா ரெங்கம்மாள் கேட்டாள்.

"படிப்பு இல்லம்மா, வேல" என்று கனிமொழி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

ஜெர்மனியிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் காணொளியில் நேர்காணல் வைத்தது. தன் கணினித் திரையை அவர்களுக்குக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் ரெத்தினம் வீட்டு ஓடிபி வந்து குதித்தது. போனைக் கணினியோடு இணைத்து வைத்திருந்ததை மறந்துவிட்டாள். அந்தரங்கத்தைப் பற்றிப் பேச வந்தவள் பக்கத்து வீட்டுக்காரரின் அந்தரங்கத்தை அந்நியர்கள் முன் விரித்துப் போட்டாயிற்று. அது யார் என்று நேர்காணல் நடத்திய பேராசிரியை கேட்டார். மழுப்பத் தோன்றவில்லை, தெருவின் கதையை உள்ளபடி சொன்னாள். ஆளுக்கொரு போன் இருக்கும் என்று நம்பித்தான் எல்லாவற்றையும் வடிவமைக்கிறார்கள், எங்கள் ஊரில் அப்படி இல்லை, நான் ஆராய விரும்புவது இதைத்தான் என்றாள். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே கணினியை மூடினாள்.

ஆனால் வேலை கிடைத்தது.

அதை வீட்டில் அவள் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் தண்ணீர்க் குழாயடி வரைக்கும் போய்விடும். அப்பாவிடம் சொல்லவோ வாய் வரவில்லை. மகள் திரும்பி வந்ததிலிருந்து கண்ணுசாமி தினமும் சாயங்காலம் மொபெட்டோடு பஸ் ஸ்டாப்பில் நிற்பார். பஸ் தாமதமானால் கண்டக்டரிடம் காரணம் கேட்பார். சம்பா நெல்லைக் கொள்முதலுக்குப் போட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். மாசியில் பருவம் தப்பித் தூறல் விழுந்து, நெல் ஈரமாகி, எடை போடுவதும் தள்ளிப்போனது. தெருக்காரர்களின் மெசேஜ் எல்லாம் அவள் போனுக்கு வருவதால், கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது கண்ணுசாமி அதையும் எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்.

வேலையை ஏற்பதற்குக் கடைசி நாளும் வந்துவிட்டது. கனிமொழி லீவு போட்டுவிட்டு, வீட்டு பிராட்பேண்டில் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினாள். உங்கள் போனுக்கு வந்த எண்ணைக் கொடுங்கள் என்றது திரை. போன் நெல் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தது. இந்த விஷயத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவளுக்கு அது முன்பே தோன்றவில்லை.

அம்மாவின் பட்டன் போனை வாங்கித் தன் நம்பருக்கே அடித்தாள். நெல் தூற்றும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் குரல் கேட்டது.

"அப்பா, ஒரு ஓடிபி வந்திருக்கும். பாத்துச் சொல்லுங்க."

"ரெத்தினத்துக்கா?"

"இல்லப்பா. எனக்கு."

அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பது கேட்டது. "வேற என்னமோல்ல போட்டுருக்கு. ஜெர்மனியா இது?"

"ஆமாப்பா. வேல கெடச்சிருக்கு. இன்னிக்கே சரின்னு சொல்லியாவணும்."

இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது. "எத்தன வருசம்?"

"மூணு."

"எழுதிக்க" என்றார். "நாலு. ஏழு. ஏழு. ஒண்ணு. அஞ்சு."

ஆறாவது எண் வரவில்லை.

"அப்பா?"

"இருக்கேன் பாப்பா. வெயில்ல சரியாத் தெரியல."

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரு முழுவதற்கும் அதே வெயிலில் நின்றுதான் எண்களைப் படித்துச் சொல்கிறார். இணையத்தில் மனிதர்கள் 'சம்மதிக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்த ஏன் தயங்குகிறார்கள் என்று ஆய்வேடு முழுக்க எழுதியவள், அந்தத் தயக்கத்தைக் காதால் கேட்டது இதுவே முதல்முறை. திரையில் நேரம் முடிந்தது. ஒரு கணம் அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அழுகை வந்தது.

"நேரம் ஆயிருச்சுப்பா. அந்த நம்பர் இனி செல்லாது."

"மறுபடி வருமா?"

"கேட்டா வரும்."

அவர் சொன்னார்: "கேளு."

அவள் கேட்டாள். புதிய எண் வந்தது. இம்முறை கண்ணுசாமி இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, ஆறு எண்களையும் நிறுத்தாமல் படித்தார். எல்லோருக்கும் செய்வதுபோலச் சரிபார்க்க இன்னொரு தடவையும் படித்தார். அவள் அழுத்தினாள். திரை பச்சையாகி, வருக என்றது.

"ஆயிருச்சா?"

"ஆயிருச்சுப்பா."

"இந்த நம்பர யாருகிட்டக் குடுத்துட்டுப் போவே? தெருவே இத நம்பியில்ல இருக்கு."

"ஒங்ககிட்டதாம்பா. வேற யாருகிட்டக் குடுப்பேன்?"

"சரி" என்றார் அவர். அப்புறம், "அப்ப நான் ஒன்னையக் கூப்புடணும்னா எந்த நம்பருக்குக் கூப்புடுறது?" என்று கேட்டார்.

அவளிடம் சொல்வதற்கு நம்பர் இல்லை.