அட்டையைப் பிரிந்த முகங்கள்

தையல் டீச்சர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம் கல்யாணமான புதிதில்தான். பிறகு அந்த மேசையைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். அவள் பெற்ற குழந்தைகள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் பெற்றது ஒருவனை. அவன் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டு வளர்ந்து, வேலை கிடைத்ததும் விட்டால் போதும் என்று வேறு ஊருக்குப் போய்விட்டான். மேசையில் இருந்தவர்கள் உள்ளங்கை அளவுக் கறுப்பு வெள்ளைப் படங்களில் இருந்த அயல்நாட்டுக் குழந்தைகள். பேனுக்குப் பயந்து மொட்டையடித்த தலையும் யாரோ கொடுத்த பெரிய சட்டையுமாகக் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் அவள் வீட்டுக்காரர். கல்லூரியில் புவியியல் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் அடிக்குறிப்பு. எதைச் சொன்னாலும் முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாது. "ஆனா ஒண்ணு" என்று கீழே ஒரு வரி சேர்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கல்யாணப் பேச்சு வந்தபோது அவளிடமே, "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு, ஒரே தடவை பாத்து எடுத்த முடிவு இது, தப்பா இருக்கவும் வாய்ப்பு உண்டு" என்று சொன்ன மனிதர். அவள் சிரித்து மாளாமல் சம்மதித்தாள்.

கடல் கடந்த ஒரு நாட்டில் போர் மூண்டு, நிவாரணக் குழு ஒன்று வரைபடம் படிக்கத் தெரிந்தவர்களைக் கேட்டபோது, இவர் கல்லூரியில் விடுப்பு வாங்கிக்கொண்டு கிளம்பினார். பையனுக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது. போன இடத்தில் யாரும் வரைபடத்தைக் கண்ணில் காட்டவில்லை. துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் கொண்டுபோய் விட்டு, தாய் தகப்பனைத் தவறவிட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் படம் எடுக்க வேண்டும். படத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி, அட்டையில் ஒரு எண், பெயர், ஊர், கூட்டி வந்தவர் யார் என்று பென்சிலால் எழுத வேண்டும். தேடி வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்வார்கள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. ஒன்று நெகட்டிவ்களோடு குழுவின் தலைமை அலுவலகத்துக்குப் போனது. இன்னொன்று அவரிடம் இருந்தது.

படம் எடுக்கும்போதே பிள்ளையின் கையில் எண் எழுதிய சிலேட்டைக் கொடுத்துவிடலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்களாம். இவர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். ஊர் திரும்பிய பிறகு மனைவியிடம் அதைச் சொன்னார்.

"கைதி மாதிரி நெஞ்சுல நம்பரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்ல எனக்கு மனசு வரல. ஏற்கனவே எல்லாத்தையும் பறிகொடுத்துட்டு வந்த பிள்ளைங்க."

டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து வீட்டில், பள்ளிக்கூடத்தில், தையல் வகுப்பில் நூல் கோத்துக்கொண்டிருந்த பெண்களிடம் கூட அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். நல்ல மனது என்ன பாடு படுத்தும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

கிளம்பிப் போய் இரண்டு வருஷம் கழித்து அவர் ஒரு தகரப் பெட்டியும் தீராத இருமலுமாகத் திரும்பி வந்திருந்தார். பெட்டியில் கடிதங்கள், நாட்குறிப்புகள், பால் பவுடர் கணக்கு, அந்த அட்டைகள். அங்கே இன்னும் உதவி தேவை என்று ஊர் ஊராகப் பேசக் கூப்பிட்டார்கள். பேச்சோடு படமும் காட்டினால் எடுபடும். ஆனால் அட்டைகள் ஈரம் குடித்து, வளைந்து, மசி கொட்டி, பார்க்கவே சகிக்கவில்லை. முகங்களை மட்டும் எடுத்து ஆல்பத்தில் ஒட்டினால் என்ன என்று அவர் தாடையைத் தடவிக்கொண்டிருந்தபோது வழி சொன்னது டீச்சர்தான். மாவுப் பசைதானே, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் தானாக விட்டுவிடும் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு பேரும் அந்த வேலையைச் செய்தார்கள். அவள் தண்ணீரைக் காய்ச்சி அகலமான பாத்திரத்தில் ஊற்றினாள். அவர் அட்டைகளை மிதக்கவிட்டார். முகங்கள் ஒவ்வொன்றாக அட்டையை விட்டுக் கழன்று வந்தன. துணிக்கொடி முழுக்கக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார்கள். பையன் கீழே நின்று கைதட்டினான். அவர் போய்வந்த பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்த நாள் அது ஒன்றுதான். எந்த முகம் எந்த அட்டை என்று குறித்துக்கொள்ள இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் அடிக்குறிப்பு போடுகிற மனிதருக்கே தோன்றவில்லை. தலைமை அலுவலகத்தில்தான் இன்னொரு பிரதி பத்திரமாக இருக்கிறதே.

அந்த அலுவலகம் குண்டு விழுந்து எரிந்துபோனது. குழுவின் கடிதம் தாமதமாகத்தான் வந்தது. உங்களிடம் இருப்பதுதான் இனி ஒரே பிரதி, உடனே அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். படித்து முடித்த பேராசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த டீச்சரிடம் காகிதத்தை நீட்டிவிட்டு, ஆல்பத்தைத் திறந்து முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குப் பிடித்தது பிடித்ததுதான். கல்லூரி விட்டு வந்தால் மேசை. ஒரு பக்கம் பெயர்கள், ஒரு பக்கம் முகங்கள். படத்தின் ஓரத்தைக் கத்தரித்த விதத்தை அட்டையில் இருந்த பசைத் தடத்தோடு பொருத்திப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்து மசிக் கறையைத் தேடினார். பிள்ளைகளுக்குப் பின்னால் தெரிந்த கிடங்குக் கதவின் நிழலை வைத்து எந்த மாதத்துப் படம் என்று கணக்குப் போட்டார். டீச்சரும் துணி வெட்டிப் பழகிய கண்ணோடு கூட உட்கார்ந்தாள். சில பொருந்தின. பத்தில் ஒன்று இருக்கும். மற்றதெல்லாம் ஒரே கத்தரிக்கோல், ஒரே அளவு, ஒரே மொட்டைத் தலை. பிள்ளையைத் தேடி எழுதியவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் போனது. பெயர் இருக்கிறது, முகம் எதுவென்று சொல்ல முடியவில்லை. நாளாவட்டத்தில் யாரும் எழுதிக் கேட்பதும் நின்றுபோனது. அவர் மட்டும் நிறுத்தவில்லை.

தண்ணீரில் போடச் சொன்னது நீதானே என்று அவர் ஒரு நாள், ஒரு கோபத்தில், வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டு, அழுது தீர்த்து, தூங்கியிருப்பாள். அவர் சொல்லாமலே இருந்ததுதான் அவள் உயிரை வாங்கியது.

இப்படியே தலை நரைத்து, இரண்டு பேரும் ஓய்வு பெற்று, அவருக்குக் கைநடுக்கமும் வந்து சேர்ந்தது. கடைசியில் பல்கலைக்கழக நூலகம் அவருடைய ஆவணங்களைக் கேட்டது. அங்கிருந்து வந்த ஆவணக் காப்பாளர் மரியாதையான பிள்ளை. டீ கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரியத்திலேயே கண்ணாக இருந்தார். கிளம்பும்போது நல்ல வார்த்தையாக ஒன்று சொல்லலாம் என்று நினைத்திருக்க வேண்டும். "சார் எந்த வரிசையில வச்சிருக்கீங்களோ, நாங்களும் அதே வரிசையிலதான் வைப்போம். வந்த வரிசையைக் கலைக்கிறது எங்க தொழில்ல பெரிய பாவம்" என்றார். பேராசிரியர் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தார்.

வண்டி வரும் நாளை டீச்சர்தான் பேசி முடித்தாள். அந்தப் பெட்டிகள் வாசலைத் தாண்டிவிட்டால் மனிதர் இருக்கிற கொஞ்ச நாளாவது மனிதராக இருப்பார், வேளைக்குத் தூங்குவார், பேரனின் குரலைப் போனில் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தாள். அதற்கு மேல் அவளுக்கு ஆசை எதுவும் இல்லை.

வண்டி வருவதற்கு முதல் நாள் ஒரு நர்ஸ் வந்தாள். ஓய்வு பெறும் வயது. அந்த நாட்டில் பிறந்தவள். சின்ன வயதிலேயே இங்கே கொண்டுவரப்பட்டு, இங்கேயே படித்து, ஆஸ்பத்திரி வேலையிலேயே காலத்தை ஓட்டியவள். நூலகம் பத்திரிகையில் கொடுத்திருந்த செய்தியைப் பார்த்துவிட்டு விலாசம் விசாரித்து வந்திருந்தாள். அவளுக்கு ஒரு அண்ணன். கூட்ட நெரிசலில் கை விட்டுப்போனபோது அவளுக்கு மூன்று வயது. அண்ணனின் பெயர் தெரியும், ஊர் தெரியும், முகம் மட்டும் ஞாபகத்தில் இல்லை. இனிமேல் ஆள் கிடைப்பான் என்ற நம்பிக்கை தனக்கு இல்லை, முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றாள்.

பேராசிரியர் அட்டையைக் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிட்டார். பெயர், ஊர், ஏழு வயது, படகுக்காரர் ஒருவர் கொண்டுவந்து விட்டார், பிறகு வேறு முகாமுக்கு மாற்றப்பட்டான். கீழே அவருடைய கையெழுத்தில் ஒரு வரி: தங்கை எங்கே என்று ஓயாமல் கேட்கிறான். நர்ஸ் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு, படம் இருக்க வேண்டிய இடத்தில் பசை காய்ந்து மஞ்சளாகிக் கிடந்த வெற்றுச் சதுரத்தை விரலால் தடவினாள். அவர் நடந்ததைச் சொன்னார். நான்தான் தண்ணீரில் போட்டேன் என்று பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு சொன்னார். டீச்சர் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

அந்த வயதுப் பையன்களின் படங்களை அவர் மேசையில் பரப்பினார். நர்ஸ் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று கேட்டாள். டீச்சர் கொண்டுவந்து கொடுத்தாள். தன் மூக்கையும் அந்த மூக்குகளையும், தன் காதையும் அந்தக் காதுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பட்டினி கிடந்த முகத்தில் சாயல் எங்கே தங்கும்? கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"சார், நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க. அதுதான் எங்க அண்ணன்னு நான் வச்சுக்கிறேன். ஒரு கேள்வி கேக்க மாட்டேன்."

"அது முடியாதும்மா. அந்தப் பையனைத் தேடி வேற யாராவது வந்தா என்ன சொல்றது?"

"இத்தனை வருஷத்துல யாரு சார் வந்தா?"

பேராசிரியர் படங்களை அடுக்கத் தொடங்கினார். நர்ஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் அழுதிருந்தால்கூட டீச்சர் பொறுத்திருப்பாள். அழாமல், நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அதுவரை கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றிருந்தவள் விறுவிறுவென்று வந்து, கணவரின் கையிலிருந்த அடுக்கிலிருந்து ஒரு படத்தை உருவினாள்.

"இதுதாம்மா உங்க அண்ணன். அன்னிக்கு அட்டையிலேர்ந்து பிரிச்சு எடுத்தது நான்தான். இப்ப நீங்க பேரைச் சொன்னதும் ஞாபகம் வந்துருச்சு."

பச்சைப் பொய். அந்த முகம் கொஞ்சம் வட்டமாக இருந்தது, அவ்வளவுதான். நர்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். நம்பினாளோ இல்லையோ, படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

டீச்சர் தெருக்கோடி வரை கூடப் போய் வழியனுப்பினாள். திரும்பி நடக்கும்போதுதான் கணவரின் நினைப்பு வந்தது. ஆதாரம் இல்லாமல் ஒரு கமா கூடப் போடாத மனிதர். வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். குதிக்கட்டும், வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் கதவைத் திறந்தாள்.

அவர் குதிக்கவில்லை. மூட்டை கட்டி வைத்திருந்த அட்டைகளை எல்லாம் அவிழ்த்து மேசையில் பரப்பியிருந்தார். பொருந்தியவற்றைக் குறித்துவரும் பதிவேட்டில் அந்தப் பையனின் பெயருக்கு எதிரே மசியால் ஒரு குறி போட்டிருந்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் அவள் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"உனக்கு ஞாபகம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. நீயும்தானே அன்னிக்குக் கூட இருந்தே. நான் ஒரு மடையன், உன்னை ஒரு வார்த்தை கேக்காமலே இருந்துட்டேன்."

உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் இந்த நிமிஷமே நர்ஸின் பின்னால் ஓடுவார். அந்தப் பெண்ணின் கையிலிருந்து அண்ணனைப் பிடுங்கிக்கொண்டுதான் வருவார். அவருக்கு வேறு மாதிரி இருக்கத் தெரியாது. வாயைத் திறந்தவள், சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினாள்.

"நாளைக்கு வண்டி வேண்டாம்னு லைப்ரரிக்குப் போன் பண்ணிரு" என்றார் அவர். நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார். "உக்காரு. அவசரமே இல்ல."

பல் விழுந்த ஒரு சிறுமியின் படத்தை அவள் முன்னால் வைத்தார்.

"இது யாரு?"

"தெரியலைங்க."

"பரவால்ல. இது?"

"தெரியலைங்க."

அவர் சலித்துக்கொள்ளவே இல்லை. அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த படத்தை எடுத்தார்.