‘இல்லை’ கதவில் விழுந்த ஓட்டு

“இன்னைக்கு எந்தக் கதவுண்ணா?”

“கட்சி காட்டுற கதவு. உனக்கென்ன, தலையை எண்ணுறதுதானே உன் வேலை?”

“தலைன்னு ஒண்ணு இருந்தா எண்ணிட்டுப் போறேன்.”

போனில் அண்ணன் சிரித்தார். அன்று மதியம் நடந்ததை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தது.

நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போடும்போது உறுப்பினர்கள் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு கதவுகளில் ஒன்றின் வழியே நடந்து போவார்கள். ‘இல்லை’ கதவில் நின்று எண்ணுவது என் வேலை. அன்று, தேர்தலை ஐந்து வருடம் தள்ளிவைக்கும் மசோதா. இருபத்தாறு வயதில் தேர்தல் கேட்டுத் தடியடி வாங்கியவர் என் அண்ணன். இப்போது இருப்பது மூன்றாவது கட்சி. என்னைப் படிக்க வைத்தவர் என்பதால், ‘பதவியை விட்டுடு’ என்ற வார்த்தை ஒன்பது வருடமாக என் தொண்டையிலேயே கிடந்தது.

3.10. எதிரே ‘ஆம்’ கதவில் ஒரே நெரிசல். கொள்கை பேசி வளர்த்த தொந்திகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நுழைந்தன. நடுவில் அண்ணன், யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்தபடி.

என் பக்கம் ஈ காக்கை இல்லை.

3.12.

சரக்... சரக்...

செருப்புச் சத்தம்.

நிமிர்ந்தேன். ஒல்லியான ஆள். கிழிந்த சட்டை. தலையில் ரத்தம் ஊறிய கட்டு. முகம்...

அண்ணன் முகம். இருபத்தாறு வயது முகம்.

என்னைத் தாண்டிப் போனார். குளிர் மட்டும் பட்டது.

என் கட்டைவிரல் தானாக எண்ணும் கருவியை அழுத்தியது.

டிக்.

எதிரே பார்த்தேன்.

அண்ணன் அங்கேதான்... இன்னும் சிரித்துக்கொண்டு.

அவையில் இருந்தவர்கள் 214. விழுந்த ஓட்டு 215. “கை தவறியிருக்கும்மா” என்று அதிகாரி என் கணக்கில் இருந்த ஒன்றை அடித்துவிட்டார்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுச் சமையலறையில் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி அடுப்பை அணைத்தார்.

“அப்ப நீ ஹாஸ்டல்ல இருந்தே. தடியடி அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவர் செத்துட்டார்னே எழுதிட்டாங்க. பதினோரு நிமிஷம் மூச்சில்லை. அப்புறம் தானா எழுந்து உட்கார்ந்தார்.”

“ஏன் அண்ணி என்கிட்ட சொல்லலை?”

“எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, ஆளுங்கட்சி ஆபீஸ் எங்கே இருக்குன்னு. அதை எப்படிம்மா சொல்றது?”

கூடத்தில் அவர் யாருக்கோ போனில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன்.

“என்னடி?”

“நீங்க யாரா இருந்தாலும் சரி... அந்தப் பதவியை விட்டுடுங்க.”