முதலாளியின் தீட்சையும் எங்கள் மருந்து அலமாரியும்

கம்பெனி நர்ஸ் என்பவள் பாதி நாள் தலைவலிக்கு மாத்திரை கொடுப்பாள், மீதி நாள் தலைவலியை வாங்கிக் கட்டிக்கொள்வாள். தையல் கம்பெனி, நூல் மில், தீப்பெட்டி ஆபீஸ் என்று எங்கே மெடிக்கல் ரூமில் உட்கார்ந்தவராக இருந்தாலும் இது உங்களுக்கே தெரிந்திருக்கும். நான் உட்கார்ந்தது பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில். பென்னாகரம் சுற்றுவட்டாரத்திலிருந்து பெண்கள் வேனில் வருவார்கள். தூரத்துப் பிள்ளைகள் ஹாஸ்டலில் தங்குவார்கள்.

எங்கள் முதலாளி நல்ல மனுஷர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்குச் சேலையைத் தன் கையாலேயே கொடுப்பார். ஒரு வருஷம் வடக்கே யாத்திரை போனவர், அங்கே ஒரு சாமிஜியிடம் தீட்சை வாங்கிக்கொண்டு திரும்பினார். இ.எஸ்.ஐ. சட்டப்படி உள்ளது, அதில் அவர் கை வைக்க முடியாது. ஆனால் கம்பெனி தானாகக் கொடுத்துவந்த சின்னச் சின்ன வசதிகள் ஒவ்வொன்றாகச் சாமிஜியின் பார்வையில் பட ஆரம்பித்தன.

சோற்றுக்குள் உசுரு

முதலில் போனது முட்டை. பிள்ளைகளுக்கு ரத்தம் குறைவு, மிஷினிலேயே மயங்கி விழுகிறார்கள் என்று நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய புதன்கிழமை முட்டை அது. "முட்டையிலும் ஒரு உயிர் இருக்குது நர்ஸம்மா" என்று சொல்லி, முதலாளி கேன்டீனில் சுண்டல் போடச் சொல்லிவிட்டார். சுண்டலும் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. முட்டையும் சுண்டலும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனை எட்டிப் பார்த்தேன். காலர் தைக்கிற காவேரி வீட்டில் கோழி வளர்க்கிறாள். அவளைச் சுற்றி நாலைந்து பேர் வழக்கத்துக்கு மாறாகக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போனதும் காவேரி டிபன்பாக்ஸைக் கையால் மறைத்தாள். பிறகு நான்தானே என்று தைரியம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எங்க சோத்துக்கு அடியில ஆளுக்கு ஒரு உசுரு இருக்குதுங்க. சாமிஜிகிட்ட சொல்லிப்புடாதீங்க!"

கேப்சூலின் தோல்

யாரோ முதலாளியின் செல்போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். கேப்சூலின் மேல்தோலை மாட்டு எலும்பிலிருந்து காய்ச்சி எடுக்கிறார்களாம். அதை என்னிடம் போட்டுக் காட்டிவிட்டு, அலமாரியில் இருந்த கேப்சூல் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு வெளியே வைக்கச் சொன்னார். வாரம் ஒருமுறை வரும் டாக்டர், மாத்திரையாகக் கிடைப்பதையே எழுதித் தருவதாகத் தலையில் அடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். சிலது மாத்திரையாகக் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் வெளியே காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் முதலாளிக்கே பல் ஈறு வீங்கி, கன்னம் பணியாரம் மாதிரி ஆகிவிட்டது. பல் டாக்டர் எழுதிக் கொடுத்ததோ கேப்சூல். அவரும் கொள்கையை விடவில்லை. டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, தோலை உரித்து உள்ளே இருக்கும் பொடியை மட்டும் தேனில் குழைத்துக் கொடுங்கள் என்று என் எதிரே வந்து உட்கார்ந்தார். கொடுத்தேன். நாக்கில் பட்டதும் அந்த மனுஷரின் முகம் போன போக்கை எப்படிச் சொல்வேன்! பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தார், வெல்லம் கேட்டு வாங்கித் தின்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "நர்ஸம்மா, அந்தத் தோலு எதுக்கு வெச்சிருக்கறான்னு இப்பத்தான் புரியுது. அட்டைப்பெட்டிய உள்ள எடுத்து வெச்சுக்கோங்க, நான் பாக்கல" என்றார்.

ஜன்னல் வைத்தியம்

மெடிக்கல் ரூமுக்குள் சாமிஜியின் பெரிய படம் ஒன்று வந்தது. பூ, ஊதுபத்தி எல்லாம் நடந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது: வீட்டுக்குத் தூரமான பெண்கள் அந்த மூன்று நாளும் ரூமுக்குள் வரக்கூடாது. சக தொழில்காரர்களே, நீங்களே சொல்லுங்கள். பெண்கள் வேலை செய்கிற கம்பெனியில் மெடிக்கல் ரூமைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் எதற்காக வருகிறார்கள்?

அதனால் ஜன்னல் வழியாக வைத்தியம் நடந்தது. வெந்நீர்ப் பையும் நாப்கினும் கம்பிக்கு நடுவே போகும், வெளியே வெயிலில் வரிசை நிற்கும். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் ஏதோ இலவசமாகக் கொடுக்கிறோம் என்று நினைத்துத் தானும் வரிசையில் வந்து நின்றார். விஷயம் தெரிந்ததும் அவர் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. வரிசையில் முன்னால் இருந்த சித்தேரி மலைப் பிள்ளை மல்லிகா, வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். வயிறு வலித்தாலும் வாய் சும்மா இருக்காத பெண். படத்தை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, அவர வெராண்டாவுல மாட்டிருங்க. அவருக்கும் காத்து வரும், நாங்களும் உள்ள வந்து படுத்துக்குவோம்." அன்று சாயங்காலமே மேனேஜர் ஆணி அடித்துப் படத்தை வெளியே மாட்டிவிட்டு, முதலாளியிடம், "வர்றவங்க போறவங்க எல்லாரும் கும்பிடட்டுமேன்னுதாங்க" என்றார்.

குறுக்கே நிற்பது

இது சிரிக்கிற விஷயமில்லை. மாதம் ஒருநாள் அரசாங்க நர்ஸ் கம்பெனிக்கே வந்து, வேண்டுமென்கிறவர்களுக்குக் கருத்தடை மாத்திரையும் மூன்று மாத ஊசியும் கொடுத்துவிட்டுப் போவார். வீட்டில் கேள்வி கேட்கிற மாமியாரும், லீவு போட்டால் போகிற சம்பளமும் உள்ள பெண்களுக்கு அது ஒன்றுதான் வழி. உயிர் வருவதைத் தடுப்பது பாவம் என்று சாமிஜி சொல்ல, முதலாளி அந்த வருகையை நிறுத்திவிட்டார்.

பழனியம்மாள் பட்டன் தைப்பவள். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரிது. உடம்பு தேறும்வரை இன்னொன்று கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊசி போட வேண்டிய தேதி நெருங்கியது. என் மேஜை எதிரில் வந்து உட்கார்ந்தாள். வா, கேட்டே பார்ப்போம் என்று முதலாளி அறைக்குக் கூட்டிப்போனேன்.

அவர் கோபப்படவில்லை. "அம்மா, புள்ளங்கறது ஆண்டவன் குடுக்கறது. அதுக்குக் குறுக்க நாம நிக்கலாமா?" என்றார், மெதுவாக. பழனியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். "எனக்கு ஏற்கெனவே ரெண்டு குடுத்துட்டாருங்க. அதுங்களுக்கு ஆத்தா வேணுமில்லீங்களா? நீங்க குறுக்க நிக்காதீங்கன்னுதான் நானும் கேக்கறேன்."

சூடான இஞ்சின்

முதலாளி சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விஷயம் வேன் டிரைவர் முருகேசன் காதுக்குப் போனது. பென்னாகரம் போகிற வழியில் ரோட்டோரமாக ஒரு துணை சுகாதார நிலையம் இருக்கிறது. அந்த வாரம் சரியாக அதன் வாசலில் வேனின் இஞ்சின் சூடாகி நின்றுவிட்டது. அரசாங்க நர்ஸும் உள்ளேயே இருந்தார். இஞ்சின் ஆறுவதற்குள் பழனியம்மாள் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு மாதாமாதம் அதே இடத்தில் இஞ்சின் சூடானது, நல்ல மழை நாளிலும்கூட.

ஒருநாள் நானும் வேனில் இருந்தேன். பின்னாலேயே முதலாளியின் கார் வந்து நின்றது, அவர் இறங்கி வந்தார். முருகேசன் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, அதற்குள் தலையையும் விட்டுக்கொண்டு, "சூடாயிருச்சுங்க" என்றார். முதலாளி இஞ்சினைப் பார்க்கவில்லை. வாசலில் வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்தார். பழனியம்மாளும் அந்த வரிசையில் இருந்தாள். தலையைக் குனியவில்லை. எனக்கு வேலை போனது என்றே நினைத்தேன். அவர் திரும்பிக் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி, முருகேசனைக் கூப்பிட்டார்: "நல்லா ஆறட்டும்ப்பா. அவசரப்பட்டு எடுத்துறாத."

இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: கம்பெனியில் பக்தி முதலாளிக்கு வந்தாலும், பத்தியம் என்னவோ தொழிலாளிக்குத்தான்.