கொளஞ்சி அக்கா அடையை எட்டாக்கிய சாயங்காலம்

ஆலத்தியூரில் சிமெண்ட் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில்தான் கொளஞ்சி அக்காவின் அடைக்கடை. நான் மாவரைத்துக் கொடுத்து, தட்டு கழுவி, கூடவே நிற்பவள். அக்காவின் அடை தாம்பாள அகலம் இருக்கும். ஒரே ஆள் முழுசாகத் தின்ன முடியாது. அதனால் கல்லில் கிடக்கும்போதே தோசைத் திருப்பியால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தி நாலாக்கிவிடுவார். "ஒரு கால் வைக்கா" என்றுதான் டிரைவர்கள் கேட்பார்கள்.

அரியலூரில் ஒரு மாணவியர் விடுதிக்குச் சமையல் ஆள் தேவை, எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்று தெரிந்ததும், ஏழாவதோடு நின்ற அக்கா தனித்தேர்வுக்கு எழுதிப் போட்டார். சாலைப் புழுதியில் இருமி இருமி அவருக்குச் சலித்துவிட்டது. மற்ற பாடமெல்லாம் வந்துவிட்டது. கணக்கில் பின்னம் மட்டும் வரவில்லை.

"நால விட எட்டு பெருசு. அப்ப நாலுல ஒண்ண விட எட்டுல ஒண்ணுதானடி பெருசு? அந்த டியூஷன் டீச்சரு தப்புங்குது" என்பார். பரீட்சைக்கு முதல் நாள், "நான் போவல. சின்னப் புள்ளைங்க நடுவுல அசிங்கப்படணுமா?" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அதே யோசனையில் ஓர் அடையை நாலாக்கியதை மறந்து, மறுபடியும் திருப்பியை அழுத்தி எட்டாக்கிவிட்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டே தட்டுகளைக் கழுவினேன். துண்டு சிறுத்திருக்கவே, லோடு ஏற்றும் ராஜாவின் தட்டில் இரண்டாக வைத்தார். டிரைவர் செல்லமுத்துவுக்கு, நாலாக்கிய முந்தைய அடையில் ஒரு துண்டு போயிருந்தது.

"ஏம்மா கொளஞ்சி, அவனுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணா? அவன் என்ன உன் மாமன் மவனா?"

"கண்ணு வைக்காதீங்க பெரியப்பா, வயித்த வலிக்கும்" என்றான் ராஜா.

"ரெண்டும் ஒண்ணுதாங்க, பாருங்க" என்று அக்கா இரண்டு தட்டையும் பிடுங்கி, ராஜாவின் துண்டுகளைச் செல்லமுத்துவின் துண்டுமேல் அடுக்கினார். ஓரத்துக்கு ஓரம் சரியாக உட்கார்ந்தது. அக்கா அப்படியே நின்றுவிட்டார். கல்லில் கிடந்தது தீய்ந்துகொண்டிருந்தது.

"ஏய், எட்டாப் போட்டா துண்டு சின்னதாவுல்லடி ஆவுது!"

"ஆமாக்கா" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? தட்டக் குடும்மா" என்றார் செல்லமுத்து.

"இருங்க!" இன்னோர் அடையை எட்டாக வெட்டி, பாதியைத் தள்ளி வைத்து, அதிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். "அரையில எட்டுல ஒண்ணு போனா, எட்டுல மூணு!"

"அந்த மூணையும் எனக்கே வையி. பசி உசுரு போவுது."

கடையே சிரித்தது. கல்லைக் கழுவும்போது அக்கா, "காலையில மொத பஸ்ஸுக்கு நீயும் வா" என்றார்.

மறுநாள் பரீட்சை முடியும்வரை அரியலூர்ப் பள்ளி வாசலில் காத்திருந்தேன். அக்கா வேகமாக வெளியே வந்தார்.

"காலும் எட்டுல ஒண்ணும் கூட்டச் சொல்லிருந்தாங்கடி. பேப்பர் ஓரத்துல அடை போட்டுப் பாத்தேன். அங்க நின்ன சாரு, 'என்னம்மா, சூரியனா வரையிறீங்க?'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடைங்க சார்னேன்."

பஸ் வரும்வரை எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அக்கா தேறிவிட்டார். விடுதியில் இப்போது அவர்தான் சமையல். இருமல் குறைந்திருக்கிறது. கடையில் நான் நிற்கிறேன். எனக்கு அக்கா மாதிரிப் பேச வராது. தட்டை நீட்டினால் வைத்துவிடுவேன். டிரைவர்கள் அவர்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.