மாரியம்மன் படத்துக்குப் பின்னால்

பெரியகுளத்தில் மகள் வாங்கப்போகும் வீட்டைப் பார்க்க இன்ஜினியர் வந்திருந்தார். சுவர்களை விரலால் தட்டிக்கொண்டே வந்தவர், புது மல்லிகை மாலை போட்ட மாரியம்மன் படத்தருகே நின்றார். அந்த வாசத்தில் எனக்கு எங்கள் பழைய வீடு நினைவுக்கு வந்தது.

போடியில் அப்பா எங்கள் வீட்டை விற்றபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அடுப்படிச் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். "அம்மன் படத்த மாட்டி மாலை போட்ருவோம்ப்பா. சாமிய யாரு கழட்டிப் பாப்பாக?" என்றேன். "ஏலே, நீ வக்கீலுக்குத்தான் படிக்கணும்" என்று அப்பா சிரித்தார்.

வாங்க வந்த ஏலக்காய் வியாபாரியின் மனைவி படத்தைக் கும்பிட்டு, "ஆத்தாளே இங்கன இருக்கா, வேறென்ன பாக்கணும்?" என்றாள்.

அவர்கள் குடிவந்த முதல் ஐப்பசி மழையில், சமைத்துக்கொண்டிருந்தவள் மேல் அந்தச் சுவர் இடிந்து விழுந்தது. அவள் பிழைக்கவில்லை. படத்தை மாட்டி விரிசலை மறைத்தது என் யோசனை என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"படத்தக் கழட்டுங்க தம்பி" என்றேன் இன்ஜினியரிடம்.

வீட்டுக்காரர் திகைத்தார். "சாமி படத்தையா கழட்டச் சொல்றீக?"

"கழட்டுங்க."

பின்னால் சுவரில் ஒரு கீறலும் இல்லை. நான்தான் அந்தச் சுவரடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.