இரண்டாவது பெட்டி

இரண்டாவது பெட்டியை மரத்தில் அடித்தது நான்தான். அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். முதுகலைக்கு ஆந்தைகளை ஆராய்கிறேன் என்றபோது, அதற்குமா படிப்பு இருக்கிறது என்று கேட்டார். அடுத்த நாளே தான் துப்புரவு வேலை செய்யும் கட்டடத்தில் ஏணி இரவல் வாங்கி வந்தார்.

அம்மருட் என்ற புறநகரில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடும். நோர்வேக்காரர் முத்து ஆந்தை என்று சொல்லும் சிறிய ஆந்தைகள் அங்கே உண்டு. மார்ச்சில் ஆண் ஆந்தை, நாங்கள் மரத்தில் அடிக்கும் கூட்டுப் பெட்டியின் வாசலில் இருந்து கூப்பிடும். உள்ளே எலிகளைக் கொண்டுவந்து அடுக்கும். பெண் வந்து பார்த்து, பிடித்தால் தங்கி முட்டையிடும். அதன்பின் அது வேட்டைக்குப் போகாது. சாப்பாடு முழுக்க அவன் பொறுப்பு.

முதல் பெட்டியில் அப்படி ஒரு சோடி இருந்தது. எலி பெருகிய வருடம் அது. ஏப்ரலில் இரண்டாவது பெட்டியிலும் ஒரு பெண் அடைகாத்தது. அதற்கு இரை கொண்டுவந்த ஆணைப் பிடித்துக் கால் வளையத்தைப் பார்த்தேன். முதல் பெட்டி ஆணுக்கு நான் மாட்டிய அதே எண். என் ஆய்வுக்கு வேண்டியது இதுதான். சாப்பாட்டு மேசையில் பெருமை பிடிபடாமல் சொன்னேன்.

"ரண்டு குடும்பம். சம்பளம் காணுமோ அவனுக்கு?" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா என்று கேட்டார். இடையில் ஒரு கிலோமீட்டர் காடு இருக்கிறது, தெரிய வழியில்லை என்று விளக்கினேன். விளக்கம் நன்றாகவே வந்தது.

முதல் பெட்டியில் குஞ்சு பொரித்ததும் அவன் இரையை அங்கேயே கொண்டுபோகத் தொடங்கினான். ஒரு ஞாயிறு பார்த்தபோது அங்கே ஆறு எலி மிச்சம் கிடந்தது. இரண்டாவதில் நான்கு குஞ்சு, ஓர் எலிகூட இல்லை. தாய் என்னை நிமிர்ந்து பார்த்தது. பறக்கவில்லை. இறங்கி வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"அங்கை கிடக்கிறதிலை ரண்டை எடுத்து இஞ்சை போடன், பிள்ளை."

"ஏலாது அப்பா. நடக்கிறதைத்தான் நான் எழுதவேணும்."

"எழுதிப்போட்டுப் போடன்."

போட்டால் அடுத்த கிழமை எண்ணுவது பொய்யாகிவிடும் என்றேன். ஆனாலும் அங்கே நின்றே என் ஆய்வு மேற்பார்வையாளருக்குக் கைபேசியில் எழுதிக் கேட்டேன். மறுநாள் அன்பாகவே பதில் வந்தது: தலையிட அனுமதி இல்லை, இது அருமையான தரவு.

அடுத்த ஞாயிறு இரண்டு குஞ்சுகள் இருந்தன. அதற்கடுத்த ஞாயிறு ஏறியபோது தாயைக் காணவில்லை. உள்ளே கொஞ்சம் இறகும் ஒரு காலும் கிடந்தன.

"எத்தினை?" என்று கீழிருந்து கேட்டார் அப்பா.

"ஒண்டுமில்லை."

நான் இறங்கிப் பூச்சியம் என்று எழுதும்போது, அவர் தன் ஜாக்கெட் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பாதி எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தார். கடையில் வாங்கிய கோழி ஈரல். என்னிடம் கேட்காமல் போட நினைத்திருக்கிறார்.

முதல் பெட்டியையும் பார்க்கவேண்டியிருந்தது. போனோம். அப்பா ஏணியைப் பிடித்தார்; மேலே பார்க்கவில்லை. ஐந்து குஞ்சுகளும் கொழுத்திருந்தன. அவற்றின் காலடியில் தின்னாத எலி ஒன்று நாறிக்கொண்டு கிடந்தது. அதையும் எண்ணி எழுதினேன்.